வாடைக்கு எந்தப் பட்டன்?

எல்லாம் ஒரு வாளைக் கருவாட்டில் ஆரம்பித்தது. பெரிய கருவாடு கூட இல்லை. ஃபிலோமினா அதை இரண்டாக ஒடித்து, பதினாலாவது மாடி பால்கனியில் சின்ன கேஸ் அடுப்பை வைத்து, தீயில் முன்னும் பின்னும் காட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பழைய சோறு தயாராக இருந்தது. ஒரு வாய் எடுத்து வைப்பதற்குள் காலிங் பெல் அடித்துவிட்டது.

வாசலில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் சீதாராமன் நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது, மூக்கில் கைக்குட்டை இருந்தது.

"மேடம், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். தப்பா எடுத்துக்கக் கூடாது."

தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பிப்பவர்கள் வேறு வழியில் எடுத்துக்கொள்ளும்படி எதையும் சொல்வதில்லை. கதவைத் திறந்த ஃபிலோமினாவின் தங்கை ஜெசிந்தா அதைப் பிடித்தபடி நின்றாள். சீதாராமன் தன் கைபேசியை நீட்டிக் காட்டினார். '14-சி: கருவாடு' என்று அதில் இருந்தது. அனுப்பியது மூக்கன்.

மூக்கன் என்பது குடியிருப்பவர்கள் வைத்த செல்லப்பெயர். ஒவ்வொரு மாடியின் நடைபாதையிலும் கூரையை ஒட்டி ஒரு வெள்ளை டப்பா இருந்தது. தீப்பிடித்தால் புகையை மோப்பம் பிடித்துச் சொல்ல வேண்டும் என்றுதான் அதை மாட்டினார்கள். தீ வருஷத்துக்கு ஒரு தடவை கூடப் பிடிக்கவில்லை. சும்மா இருந்த மூக்குக்கு நாளடைவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மனிதர்கள் மட்டும் பக்கத்து வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்தது.

"இனிமே பாத்துக்கிறோம் சார்," என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள் ஜெசிந்தா. பால்கனியில் ஃபிலோமினா ஏற்கெனவே அடுப்பை அணைத்திருந்தாள். சுட்ட பாதி, சுடாத பாதி எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, அதையும் வேறொரு கவரில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு கெடக்காருக்கா. நீ சாப்பிடு."

"சவத்த விடுட்டி. வயிறு நெறஞ்சிட்டு," என்றாள் ஃபிலோமினா. தட்டில் சோறு அப்படியே இருந்தது.

அக்காவைத் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வரவழைக்க ஜெசிந்தா வருஷக்கணக்கில் கெஞ்சியிருக்கிறாள். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்ட வீட்டில், தங்கைக்குத் தலை பின்னிவிட்டதும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் ஃபிலோமினாதான். தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். ஒருவழியாக வந்தாள், ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தாள். ஒத்துவந்தால் இருப்பேன், இல்லாவிட்டால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டாள். கருவாட்டைக் கட்டிவைத்த அன்று சாயங்காலம் அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைபேசியில் ரயில் நேரம் பார்த்துக்கொண்டிருந்ததை ஜெசிந்தா சமையலறையிலிருந்து கவனித்தாள்.

ஜெசிந்தாவின் வேலையே அடுப்பு செய்வதுதான். பயணம் போகிறவர்கள், மொட்டை மாடியில் கூடுகிறவர்கள், கடற்கரையில் கோழி சுட்டுத் தின்ன ஆசைப்படுகிறவர்கள், இவர்களுக்காகக் கையில் தூக்கிக்கொண்டு போகிற கேஸ் கிரில். அவள் அதைச் சீர்ப்படுத்த ஆரம்பித்தபோது அது ஒரு தகரப் பெட்டியாக இருந்தது. காற்றடித்தால் தீ அணையும், மணலில் வைத்தால் கால் புதையும், கொழுப்பு ஒழுகித் தீயில் விழுந்து புகையும். ஜெசிந்தா கால்களை அகலமாக்கி மணலில் நிற்க வைத்தாள். கொழுப்பு ஓரமாக வடிந்து போகத் தட்டைச் சாய்த்தாள். தீயைச் சுற்றி மடல் மடலாகத் தடுப்பு வைத்தாள். மெரினாக் காற்றை அப்படியே திருப்பிவிட்டாலும் தீ ஆடாது. ஒரே ஒரு குறைதான் மிச்சம் இருந்தது. சமைத்தால் வாசம் வந்தது. நகரத்தில் எந்த மாடியில் யார் எதைச் சுட்டாலும் ஏதாவது ஒரு மூக்கன் போட்டுக்கொடுத்துவிடும்.

"வாசனை வெளிய போகட்டும், தப்பில்ல. அது நமக்கு விளம்பரம்," என்றார் கம்பெனி முதலாளி தயாளன். நல்ல மனிதர். எதையும் ஒரே வரியில் முடித்துவிடுவார், அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து. "நாத்தம் மட்டும் வெளிய போகக் கூடாது. முடியுமா?"

முடியும் என்றாள் ஜெசிந்தா. அவள் மனசில் இருந்தது விளம்பரம் இல்லை, மூன்று கவர்களுக்குள் கிடந்த கருவாடு.

அடுப்புக்கு மேலே ஒரு மூடாக்கு வைத்தாள். அதற்குள் சின்னக் காற்றாடி. காற்றாடி இழுக்கும் காற்று ஒரு சல்லடை வழியாகத்தான் வெளியே போகும். சாதாரணச் சல்லடை இல்லை. எதைப் பிடிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் புரிந்துகொள்ளும் பொருளில் செய்தது. பச்சை மீனும் கருவாடும் சுடுவதற்கு முன்பே மணக்க ஆரம்பித்துவிடும் அல்லவா? அதனால் அடுப்பைப் பற்றவைக்கும் வரை காத்திருக்காமல், மூடியைத் திறந்ததுமே காற்றாடி ஓட ஆரம்பிக்கும்படி செய்தாள். அந்த யோசனை முழுக்க அவளுடையது. அக்காவுக்காகவே செய்தது.

எது வாசனை, எது நாற்றம் என்று சல்லடைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பொறுப்பு சபீனாவுடையது. ஜெசிந்தாவைவிடச் சின்னவள், படு சுறுசுறுப்பு. பல வீடுகளிலிருந்து ஆட்களை அழைத்துவந்து வரிசையாக உட்காரவைத்து, ஆளுக்கு இரண்டு பட்டன் கொடுத்தாள். பச்சை என்றால் வாசனை. சிவப்பு என்றால் நாற்றம். மூடிய குப்பிகள் ஒவ்வொன்றாக வரும். முகர்ந்து பார்த்துவிட்டு ஏதாவது ஒன்றை அமுக்க வேண்டும். அன்றைக்கு ஒரு ஆள் வரவில்லை. "எங்க அக்காவ உக்கார வைக்கட்டுமா?" என்று ஜெசிந்தாதான் கேட்டாள்.

ஃபிலோமினா கஞ்சி போட்ட சேலையில், தலையில் மல்லிகைச் சரத்தோடு வந்தாள். பூசைக்குப் போவதானாலும் சரி, ரேஷன் கடைக்குப் போவதானாலும் சரி, பூ இல்லாமல் அவள் வாசல் தாண்டியதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து குப்பிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். ஏலக்காய் பச்சை. சாக்கடை சிவப்பு. வதங்கும் வெங்காயம் பச்சை. மல்லிகைக் குப்பியை முகர்ந்ததும் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "இதுக்கு எதுக்குட்டி குப்பி? நாந்தான் வச்சிருக்கேன்லா," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஃபிலோமினாவுக்கும் சந்தோஷமாகிவிட்டது.

அடுத்த குப்பியைத் திறந்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு இரண்டு பட்டன்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தாள்.

"ஏட்டி ஜெசி, இது நம்ம கருவாடுல்லா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா. பட்டன மட்டும் அமுக்கு."

"எத அமுக்க? வாசனைன்னா பொய்யி. நாத்தம்னா நாக்கு அழுகிப் போவும். இது வாடைட்டி. வாடைக்கு எந்தப் பட்டன்?"

அறை முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, அந்தக் கேள்வி எல்லாருக்கும் பிடித்துத்தான் போயிற்று. ஆனால் சிரிக்கிறவர்களுக்கு நடுவே, சிரிக்கப்படுகிறவளின் தங்கையாக நிற்பது ஜெசிந்தாவுக்கு ஒரு மாதிரி இருந்தது. அவளும் சிரித்துவிட்டு, "வாடைக்குன்னு தனியா பட்டன் இல்லக்கா. நாத்தத்துல போடு, நேரமாவுது," என்றாள்.

ஃபிலோமினா சிவப்பை அமுக்கினாள். "கோவிச்சுக்கிடாத," என்று குப்பியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு மூடினாள். அடுத்து வந்தது சமையல் கேஸ் குப்பி. அவள் அதை மூக்கருகே கொண்டுபோய்விட்டுச் சட்டென்று பின்வாங்கினாள். "இதுவும் வாடைதான்," என்றாள். இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. வாடையை எங்கே போட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாகிவிட்டதே. சிவப்பை அமுக்கினாள். அறையில் இருந்த மற்றவர்களும் சிவப்பைத்தான் அமுக்கினார்கள். ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

அடுப்புக்குச் சுகந்தி என்று பெயர் வைத்தார் தயாளன். அவருடைய அத்தை பெண்ணின் பெயர் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். சுகந்தி கடைக்கு வந்ததும் ஊரே அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மொட்டை மாடிகளில் நண்டு சுட்டார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் வாத்து சுட்டார்கள். மாட்டுக்கறியை இத்தனை நாள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தவர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். யார் வீட்டிலிருந்து போனாலும் மசாலா வாசனை மட்டுமே போயிற்று. வாடகைக்கு வீடு கொடுப்பவர்கள், "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்பதை விட்டுவிட்டு, "சுகந்தி வச்சிருக்கீங்களா?" என்று நேராகவே கேட்க ஆரம்பித்தார்கள். இதை ஒரு முன்னேற்றம் என்றே ஜெசிந்தா நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அவளைக் குற்றம் சொல்ல முடியாது, பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஃபிலோமினா பால்கனியில் உட்கார்ந்து வாளைக் கருவாடு சுட்டாள். மூக்கன் வாயைத் திறக்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போகும் வழியில் சீதாராமன், "என்ன மேடம், இன்னிக்கு மிளகு சீரகமா? பிரமாதமா இருக்கு," என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அக்காவும் தங்கையும் கதவைச் சாத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஃபிலோமினா ரயில் நேரம் பார்க்கவில்லை. ஒரே ஒரு முனகல் மட்டும் இருந்தது.

"எல்லாம் சரிதான். தின்னாத்தான் கருவாடுன்னு தெரியுது. அதுக்கு முன்னால பலகையச் சுட்ட மாதிரில்லா இருக்கு."

"உனக்குச் சங்கத்து நோட்டீஸ் வராம இருந்தாப் போதும்ல?"

"போதும் போதும். சும்மா சொன்னேன்."

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து வந்த ஃபிலோமினா அடுப்பைத் துணியால் துடைத்து பால்கனியில் வைத்தாள். சாரல் அடித்ததால் பால்கனியின் கண்ணாடிகளை இழுத்துச் சாத்தினாள். மூடியைத் திறந்துவைத்து, மீனுக்கு மசாலா தடவ உள்ளே போனாள். காற்றாடி தன் வேலையை ஆரம்பித்து மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. துடைத்தபோது கேஸ் குமிழ் ஒரு மயிரிழை திரும்பியிருந்ததை அவள் பார்க்கவில்லை.

ஜெசிந்தா ஹாலில் சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பால்கனிக் கதவு அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் திறந்துதான் இருந்தது. அக்கா மீன் தட்டோடு அவளைத் தாண்டிப் போனபோது அவள் தலையிலிருந்து மல்லிகை வாசம் வந்தது. மழைநாளில் மல்லிகைக்குத் தனி வாசம். ஜெசிந்தா கண்ணை மூடி அதை நன்றாக இழுத்தாள். வேறு எந்த வாசமும் அங்கே இல்லை.

ஃபிலோமினா லைட்டரை அமுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் ஃபிலோமினாவுக்கு இரண்டு கைகளிலும், கழுத்திலும், தலையிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த ஜெசிந்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண் பிழைத்தது. உயிரும் பிழைத்தது. டாக்டர் கூப்பிட்டு இரண்டையும் சொன்னபோது ஜெசிந்தா சுவரோடு சுவராகச் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடைபாதைக்கு ஓடிவந்த சபீனாவும் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"அடுப்பக் கழட்டிப் பாத்தேன்க்கா. எந்த இடத்துலயும் உடையல, ஓட்டை இல்ல. குமிழ்தான் லேசா திறந்திருக்கு," என்றாள் சபீனா. "அரை மணி நேரமாவது கேஸ் வந்திருக்கும். கீழ தேங்கியிருக்கும்."

"நான் பக்கத்துலதான் இருந்தேன் சபீனா. எனக்கு ஒண்ணுமே வரல."

"வராதுக்கா."

"ஏன் வராது? கேஸ் கசிஞ்சா தெரு முழுக்கத் தெரியுமே."

சபீனா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கேஸுக்குன்னு சொந்தமா எந்த வாசமும் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா? கசிஞ்சா தெரியணும்னு அதுல நாத்தத்தக் கலக்குறாங்க. அது காற்றாடி வழியாப் போச்சு. சல்லடை அதப் பிடிச்சிடுச்சு. கேஸ விட்டுடுச்சு."

"ஏன் பிடிச்சது?"

"நாம சொன்னதாலதான். எல்லாரும் சிவப்ப அமுக்கினாங்களே."

ஜெசிந்தாவுக்கு அந்த அறை ஞாபகம் வந்தது. குப்பிகள் ஞாபகம் வந்தன. சட்டென்று பின்வாங்கிய அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. ஒரு ஆள் சிவப்பை அமுக்காமல் விட்டிருந்தாலும் கணக்கு மாறியிருக்காது, எல்லாருடைய பட்டனும் சேர்ந்துதான் சல்லடைக்குப் போனது. இதை அவள் தனக்குத் தானே எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டாள். நாத்தத்துல போடு, நேரமாவுது என்று சொன்ன குரல் தன்னுடையது என்பதை அந்தக் கணக்கு மாற்றவில்லை.

உள்ளே ஃபிலோமினா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஜெசி, எம்மூக்கு போயிட்டாட்டி?"

"என்னக்கா?"

"வாடையே வரலயே. கொஞ்சம் வந்திருந்தாலும் பத்த வச்சிருப்பனா? வயசாயிட்டு, மூக்கு செத்துப் போச்சு."

அக்காவின் மூக்கின் மீது பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள ஒரு நிமிஷம் ஜெசிந்தாவுக்கு ஆசை வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அவள் அதைச் செய்யவில்லை.

"உன் மூக்கு நல்லாத்தான் இருக்கு. என் அடுப்புதான் வாடையத் தின்னுட்டு."

ஃபிலோமினா அதை யோசித்துப் பார்த்தாள். "அது என்ன செய்யும் பாவம்? திங்கச் சொன்னோம், தின்னுச்சு," என்றாள். பிறகு, "அதத் தூரப் போட்டுறாத. உன் பேரு அதுல இருக்கு," என்றாள்.

இதற்குள் வேறு இரண்டு ஊர்களிலிருந்தும் செய்தி வந்துவிட்டது. யாரும் சாகவில்லை, அது அவர்கள் அதிர்ஷ்டம். தயாளன் எல்லாரையும் கூப்பிட்டார். அவர் முகம் சுண்டிப் போயிருந்தது.

"குமிழுக்குப் பூட்டு வைக்கிறோம். அது ஆச்சு. ஆனா பூட்டு பழுதானா? ட்யூப் கிழிஞ்சா? மூக்குக்குத் தெரிஞ்சாகணும். சட்டமும் அதத்தான் சொல்லுது. சல்லடைகிட்ட கேஸ் நாத்தத்த மட்டும் விடச் சொல்ல முடியாதா?"

"முடியாது சார்," என்றாள் சபீனா. "அது தனி ஆள் இல்ல, ஒரு குடும்பம். கருவாடு, அவிச்ச முட்டை, முட்டைக்கோஸ் எல்லாத்துலயும் அதோட சொந்தக்காரங்க இருக்காங்க. சல்லடைக்கு அடையாளம் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. விட்டா எல்லாரையும் விடும், பிடிச்சா எல்லாரையும் பிடிக்கும்."

"அப்ப விட்டுடலாம் சார்," என்றாள் ஜெசிந்தா. "கருவாடு மணக்கட்டும்."

"மணந்தா யாரு வாங்குவா? மறுபடி நோட்டீஸ், மறுபடி சண்டை. உங்க அக்காவுக்கே நோட்டீஸ் வரும் ஜெசி." தயாளன் மிரட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். பிறகு வழக்கம்போல ஒரே வரியில் முடித்தார். "சல்லடை வாசனைய விடும்தானே? அப்ப கேஸுக்கு வாசனையக் கலந்துடுவோம்."

நம் சிலிண்டரில் நம் வாசனை. கசிந்தால் சல்லடை தடுக்காது, வெளியே வந்துவிடும். எந்த வாசனை என்று பழைய பட்டன் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். சந்தனத்தில் இரண்டு பேர் தயங்கியிருந்தார்கள். ஏலக்காயில் ஒருவர். ஒருவர் கூடத் தயங்காமல் எல்லாரும் பச்சையை அமுக்கிய குப்பி ஒன்றே ஒன்றுதான். மல்லிகை.

"வேண்டாம் சார்," என்றாள் ஜெசிந்தா. "ஆபத்துன்னா முகம் சுளிக்கணும். பூ வாசம் வந்தா யாராவது ஓடுவாங்களா? நல்லா இழுத்துத்தான் விடுவாங்க."

"பழகிடுவாங்கம்மா. அந்த நாத்தத்தப் பாத்தா ஓடணும்னு பிறக்கும்போதே தெரியுமா? நாமதானே பழக்கினோம். இதையும் பழக்குவோம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். மாட்டேன் என்று ஜெசிந்தா எழுந்து போயிருக்கலாம். அவள் போகவில்லை. அடுப்பைத் தூரப் போட்டால் அக்கா திரும்பி வர ஒரு வீடு இருக்காது என்று நினைத்தாள். கருவாடு சுட முடியாத வீட்டுக்கு அவள் எதற்கு வருவாள்? மல்லிகையை எந்த அளவில் கலக்க வேண்டும் என்ற கணக்கை அவளே போட்டுக்கொடுத்தாள். நன்றாகவும் போட்டாள். எதையும் அரைகுறையாகச் செய்ய அவளுக்குத் தெரியாது.

தயாளன் சொன்னபடியே எல்லாரும் பழகினார்கள். 'மல்லி மணந்தால் குமிழை மூடு' என்று ஊரெல்லாம் எழுதி ஒட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் அதைப் பாட்டாகப் பாடினார்கள். மற்ற அடுப்புக் கம்பெனிகளும் மல்லிகைக்கே மாறின. அதன் பிறகு எந்த வீட்டிலும் அடுப்பு வெடிக்கவில்லை. அந்த வகையில் பார்த்தால் அது ஜெசிந்தாவின் வேலைகளிலேயே சிறந்தது.

மூக்கனுக்கும் மல்லிகையைச் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தத் தடவை செயலாளருக்குத் தகவல் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காது, அபாயச் சங்கு ஊதும். ஒன்பதாவது மாடியில் ஒரு வளைகாப்பு நடந்தபோது கட்டடம் முழுக்கச் சங்கு ஊதி, லிஃப்ட் நின்று, நிறைமாதப் பெண் கை நிறைய வளையல்களோடு ஒன்பது மாடியும் படியிறங்கி வந்தாள். பேருந்தில் பூக்கூடையோடு ஏறிய பெண்களை நடத்துநர்கள் இறக்கிவிட்டார்கள். கல்யாண மண்டபங்கள் காகிதப் பூவுக்கு மாறின. பூக்கடைகளில் கனகாம்பரமும் சாமந்தியும் இருந்தன. மல்லிகை வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்திக் கேட்க வேண்டியிருந்தது. யாரும் தடை போடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகளிலிருந்து அது இறங்கிவிட்டது.

ஃபிலோமினாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் வெளியே போகவில்லை. கைவிரல்கள் மடங்கப் பழகிக்கொண்டிருந்தன. தலையில் முடி திட்டுத் திட்டாக முளைத்துக்கொண்டிருந்தது. தினமும் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, பின்னந்தலையைத் தடவிப் பார்ப்பாள். "இன்னும் பூ நிக்காதுட்டி," என்பாள். ஜெசிந்தா ஒவ்வொரு தடவையும் "வளர்ந்துரும்க்கா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

பெரிய வியாழன் முடிந்து ஈஸ்டர் வந்தது. அன்றைக்குப் பூசைக்குப் போயே தீருவேன் என்று ஃபிலோமினா பிடிவாதம் பிடித்தாள். ஜெசிந்தா ஆட்டோ கொண்டுவந்து கூட்டிப்போனாள். பூசை முடிந்து, கூட்டத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவளைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தபோது, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றாள். மாதா கோவில் சுவரை ஒட்டி ஒருத்தி முந்தானைக்குள் மறைத்து வைத்து விற்றாளாம். ஏன் மறைக்கிறாள் என்று ஃபிலோமினாவுக்குப் புரியவில்லை. காது பக்கம் குட்டையாக வளர்ந்திருந்த முடியில், இரண்டு ஊசி குத்தி, ஒரு விரல் நீள மல்லிகைச் சரம் நின்றுகொண்டிருந்தது.

"நிக்குதாட்டி?"

"நிக்குதுக்கா," என்றாள் ஜெசிந்தா. அவள் கை அவளை அறியாமல், அங்கே இல்லாத ஒரு கேஸ் குமிழைத் தேடிக் காற்றில் நகர்ந்துவிட்டது. அக்கா கவனிக்கவில்லை. எடுத்துவிடு என்ற சொல் வாய் வரை வந்தது. சொல்லாமல் ஆட்டோவைத் தேடிப் போனாள்.

லிஃப்ட் கதவு பதினாலாவது மாடியில் திறந்ததும் சங்கு ஊத ஆரம்பித்தது. கதவுகள் திறந்தன. சட்டியோடும் குழந்தையோடும் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஓடிவந்தவர்கள் ஃபிலோமினாவின் தலையைப் பார்த்து நின்றார்கள். ஒருத்தி குழந்தையின் மூக்கைப் பொத்தினாள். ஃபிலோமினா யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, "என்னட்டி, எங்கன தீ?" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் போய் உட்கார்ந்த சற்று நேரத்தில் காலிங் பெல் அடித்தது. சீதாராமன். அவர் மூக்கில் கைக்குட்டை இருந்தது. ஃபிலோமினாவின் கைத்தழும்புகளைப் பார்த்து அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது.

"மேடம், ஒரு சின்ன ரிக்வெஸ்ட். தப்பா எடுத்துக்கக் கூடாது."

கேஸில் மல்லிகை கலந்திருப்பதை அவர் சொல்லித்தான் ஃபிலோமினா தெரிந்துகொண்டாள். அவர் போன பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். விரல்கள் சரியாக மடங்காததால் நேரமாயிற்று. ஜெசிந்தா உதவிக்குப் போனாள், அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். சரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். சுகந்தி அங்கே துடைத்துவைத்தபடி இருந்தது. ஃபிலோமினா மூடியைத் திறந்தாள். காற்றாடி ஓட ஆரம்பித்தது. கம்பிகளின் மேல் பூவை வைத்தாள்.

"இதுக்குள்ள வச்சா வெளிய போவாதுல்லா? கருவாட்ட வச்ச மாதிரி? ராத்திரி மட்டும் எடுத்து வச்சுக்கிடுதேன்."

ஜெசிந்தா மூடாக்கின் சல்லடையைத் தொட்டுக் காட்டினாள்.

"போகும்க்கா. அது பூவப் பிடிக்காது. விட்டுடும்."

"ஏன்?"

"எல்லாரும் பச்சைய அமுக்கினோம்லக்கா. அதனால."

ஃபிலோமினா அடுப்பையும் பூவையும் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் எதுவும் இல்லை அவள் முகத்தில். அன்றைக்கு அந்த அறையில் இரண்டு பட்டன்களையும் மாறி மாறிப் பார்த்தாளே, அதே பார்வை.

"அப்ப மல்லியும் வாடை ஆயிட்டுன்னு சொல்லு," என்றாள்.

நடைபாதையில் மறுபடியும் சங்கு ஊத ஆரம்பித்தது. ஜெசிந்தா போய் பால்கனிக் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள்.